தண்ணீர் இறங்கிய கால்வாய்

அத்தியாயம் பதினொன்று

அந்தத் தாளை ஆறு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள் பெரியவள்.

நாலாக மடித்த தாள். அதில் இரண்டு வட்டங்கள். ஓரமெல்லாம் கரியைப் பூசியதுபோல் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளுத்திருந்தது. அந்த வெளுப்புதான் அவள் தம்பியின் பார்வை. மீதியெல்லாம் இருட்டு.

வீட்டில் மூத்தவள் என்பதால் அவள் பெரியவள். அடுத்துப் பிறந்தவன் சின்னவன். நாற்பத்தொரு வயதாகி, தலை பாதி நரைத்து, பதினாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாலும் அவன் சின்னவன்தான்.

போன திங்கட்கிழமை, மூக்குக் கண்ணாடியின் கால் தளர்ந்துவிட்டது என்று அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றான். லென்ஸைத் தீட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. திருகாணியை முடுக்கிக் கொடுத்தாள். முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த கண்ணாடிக் கூட்டை அவன் தேடு தேடென்று தேடினான். கடையில் கண் சோதிக்கும் டாக்டரம்மாவைக் கெஞ்சி, உள்ளே இருந்த இயந்திரத்தில் அவனை உட்கார வைத்தாள். அது அச்சடித்துத் தந்ததுதான் அந்தத் தாள்.

"எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். நேரா பாக்குறதுல குறையே இல்ல. ஆனா பக்கத்துல யார் வந்தாலும் தெரியாது. இருட்டிட்டா இன்னும் மோசம்," என்றார் டாக்டரம்மா. "உங்க அப்பாவுக்கு இருந்ததுன்னு சொன்னீங்களே, அதேதான். இவர் என்ன வேலை பாக்குறார்?"

பஸ் ஓட்டுகிறான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆபீஸ்ல," என்று சொல்லிவிட்டாள் பெரியவள்.

வெளியே வந்ததும் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுக்கா. யார்கிட்டயும் சொல்லாத."

கொடுத்தாள். செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு நாளும் அவன் வண்டி எடுத்தான். கடை வாசலில் பேருந்து போகும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் தீட்டுகல்லிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். இரண்டு லென்ஸ் பாழாயின. முதலாளி என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

சனிக்கிழமை மாலை அவனிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு சைக்கிளை எடுத்துக்கிட்டு வாக்கா. கால்வாய்ப் பாதையில போலாம். போய்க்கிட்டே பேசலாம்."

*

ஞாயிற்றுக்கிழமை வானம் பிழியாத துணிபோலக் கனத்துத் தொங்கியது.

தம்பி வீடு இரண்டாவது மாடி. பெரியவள் போனபோது தம்பி மனைவி சமையலறையில் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. லீவு நாளிலும் அவள் கையிலிருந்து சோப்பு வாசனை போகாது.

"அவர் கீழ சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறார் அண்ணி. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள். "அவருக்கு வேற யாராவது இருக்காங்களா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது.

"உன் புருஷனுக்கா? உன்கிட்ட பேசவே அவனுக்கு வார்த்தை பத்தாது. இன்னொருத்திக்கு எங்க போவான்?"

"விளையாடாதீங்க." தம்பி மனைவியின் கண் கலங்கியிருந்தது. "போன வாரம் மூணு தடவை டியூட்டி முடிஞ்சதும் சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்கயோ போனார். கேட்டா, 'சும்மா'ங்கிறார். திரும்பி வர்றப்ப செருப்பெல்லாம் சேறு. சரியாத் தூங்குறதில்ல, சாப்பிடுறதில்ல. பொண்ணு போய்ப் பக்கத்துல உக்காந்தாக்கூடத் திரும்பிப் பாக்குறதில்ல. அப்பா என்மேல கோவமான்னு அது அழுவுது."

திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண் குழந்தை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பார்ப்பார் பார்ப்பார் என்று காத்திருந்திருக்கிறது.

"இன்னைக்கு நான் பேசுறேன். சாயந்தரம் அவனே உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவான்."

"எல்லாத்தையும்னா? அப்ப ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இருக்கு. ஆனா நீ நினைக்கிற மாதிரி பொம்பள விஷயம் இல்ல."

தம்பி மனைவி நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தாள். ஆகவில்லை. புட்டியை நீட்டியபடியே கேட்டாள்.

"அதைவிட மோசமா அண்ணி?"

பெரியவள் புட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

ஊர் எல்லையில் கல்பாலத்தைத் தாண்டியதும் அந்தப் பாதை ஆரம்பமாகிறது. வலதுபுறம் ஆறு, இடதுபுறம் பழைய கால்வாய். இரண்டுக்கும் நடுவில், மூன்று சைக்கிள் சேர்ந்து போகும் அகலத்துக்கு ஒரு கரை. கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில், கரையில் நடந்தபடியே கயிறு கட்டிப் படகை இழுத்துப் போவார்களாம். அதற்காகப் போட்ட பாதை இது. இப்போது சரளை கொட்டி, இறுக்கி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள்.

"நீ பின்னால வாடா. நான் முன்னால போறேன்," என்றாள்.

"பாதை நேர்தானேக்கா? நேரா இருக்கறது எனக்கு நல்லாவே தெரியும்."

ஆறு நாளில் முதல்முறையாக அவன் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. அவள் விட்டுக்கொடுத்தாள். அவன் முன்னால் போனான். அவள் சைக்கிள் சங்கிலி கறகறவென்று அரைத்துக்கொண்டே வந்தது.

"உன் சைக்கிளுக்கு மணியே வேண்டாம்," என்றான் திரும்பாமல். "நீ வர்றதுக்கு அரை மைல் முன்னாலயே ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"எண்ணெய் விடுறதுக்கு ஒரு தம்பி இருக்கான். அவனுக்கு நேரம் இல்ல."

அவன் சிரித்தான். அவ்வளவுதான் அன்றைய சிரிப்பு.

கால்வாயில் தண்ணீரே இல்லை என்று சொல்லலாம். கீழ் மதகின் கதவு பழுதாகிவிட்டதால் நாலு நாளைக்கு முன் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு ஓடிய இடத்தில் இப்போது கறுப்புச் சேறும் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குக் கலங்கல் நீரும்தான். ஊர் இத்தனை வருஷமாகத் தூக்கியெறிந்ததெல்லாம் வெளியே கிடந்தது. காலுடைந்த நாற்காலி, பிளாஸ்டிக் குடம், தலையணை, டயர்கள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. வெள்ளைக் கொக்குகள் சேற்றில் நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

"இந்த நாத்தத்துலயா பேசணும்னு கூப்பிட்ட?"

அவன் மிதித்துக்கொண்டே போனான்.

பின்னாலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. அவன் தலை ஓயாமல் இடமும் வலமும் மேஜை விசிறி மாதிரி அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக அவன் அப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். வண்டி ஓட்டிப் பழகிய பழக்கம் என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்திருக்கிறார்கள். அவளும்தான்.

அப்பாவிடமும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஐம்பது வயதில் அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, நினைப்பு எங்கே இருக்கிறது என்று அம்மா திட்டினாள். கடைசி ஆறு வருஷம் அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கண் வேலையிலேயே இருந்துகொண்டு, சொந்தத் தம்பிக்கு வந்ததை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

பாதையின் இடது ஓரத்தில் ஒரு பெண் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டை. பெரியவளுக்கு அவள் தூரத்திலிருந்தே தெரிந்தாள். சின்னவன் விலகிப் போவான் என்று நினைத்தாள். அவன் தலை அந்த நேரம் பார்த்து வலதுபக்கம், ஆற்றுப் பக்கம், திரும்பியிருந்தது.

"டேய்! இடது பக்கம்!"

அவன் ஹேண்டில்பார் அந்தப் பெண்ணின் தோளில் இடித்தது. அவள் சரளையில் உருண்டாள். அவன் சைக்கிளோடு சாய்ந்து ஒரு காலை ஊன்றி நின்றான். இன்னும் ஒரு முழம் இடதுபக்கம் உருண்டிருந்தால் அவள் கால்வாய்க்குள் போயிருப்பாள்.

பெரியவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கிவிட்டாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. வேறு அடி இல்லை. வலியைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது அந்தப் பெண்ணுக்கு.

"இவ்வளவு பெரிய பாதையில ஒருத்தி உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

சின்னவன் அவளை நேராகப் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றான்.

கிண்டல் செய்கிறான் என்று அந்தப் பெண் கையை ஓங்கிவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது.

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. நான் சைக்கிள் ஓட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

பெரியவள் கைக்குட்டையை நனைத்து முழங்கையைத் துடைத்துக் கட்டினாள். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப வீட்டுல இருங்க சார்," என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் வடிந்திருந்தது. நொண்டாமல் நடக்க முயன்று, கொஞ்சம் நொண்டியபடியே போனாள்.

*

அதற்குப் பிறகு இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவள் அவனுக்கு இடதுபக்கம் நடந்தாள்.

"நாளைக்குக் காலையில உனக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"நீ போகக் கூடாது. நீயா டிப்போவுக்குப் போன் பண்ணிச் சொல்லலன்னா நான் சொல்லுவேன். இந்த ஆறு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கே எனக்கு…" தாளை வெளியே எடுத்துவிட்டாள். "ஒரு பஸ்ஸுல எத்தனை பேர்டா? ரோட்டுல எத்தனை பேர்?"

"நான் வண்டி எடுக்க மாட்டேன்க்கா. அது முடிவாயிடுச்சு."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் சண்டைக்கு அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே நின்றன.

"எப்ப முடிவு பண்ண?"

"திங்கட்கிழமை."

"அப்புறம் எதுக்குடா நேத்து வரைக்கும் ஓட்டின?"

அவன் நின்றான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். கரையில் பழைய மதகுக் கல் ஒன்று கிடந்தது. தடவிப் பார்த்து அதில் உட்கார்ந்தான்.

"லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க. வண்டியைப் பாப்பாங்க. பயம்க்கா."

"வண்டியை எதுக்குப் பாக்கணும்?"

ஆற்றிலிருந்து ஈரக்காற்று வந்தது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டான். சின்ன வயதில் அடி விழப்போகிறது என்றால் அப்படித்தான் உட்காருவான்.

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை," என்று ஆரம்பித்தான். "ஒன்பது நாளாச்சு. சாயந்தரம் ஆறரை இருக்கும், மழை. அதோ, எதிர்க்கரையில தெரியுதே ரோடு, அதுலதான் என் ரூட். இன்னும் கொஞ்ச தூரத்துல ஒரு வளைவு வரும். ரோடு கால்வாயை ஒட்டி வரும். கைப்பிடிச் சுவர் இடிஞ்சு கிடக்கும். அந்த வளைவுல திரும்புறப்ப இடது பக்கம் ஏதோ தட்டுச்சு."

"ஏதோன்னா?"

"பெரிய சத்தம் இல்ல. டப்புன்னு ஒண்ணு. வண்டிக்குள்ள நாலே பேரு. ஒருத்தர் கேட்டார், என்னங்க சத்தம்னு. மரக்கிளைன்னு சொல்லிட்டேன்."

"நிறுத்திப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்டா?"

"கிளைதான்னு நானே நம்பிட்டேன்க்கா. நம்பணும்னு ஆசைப்பட்டேன்." "வண்டியோட பக்கக் கண்ணாடியில பாத்தேன். மழையில ஒண்ணும் தெரியல. என் கண்ணுக்கு மழை இல்லாட்டியும் தெரிஞ்சிருக்காது. அது எனக்கு அப்பத் தெரியாது. ராத்திரி மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு, வயசாகுது, அப்படித்தான் நினைச்சேன். திங்கட்கிழமை உன் கடைக்கு வந்தது கண்ணாடிக் கால் முடுக்குறதுக்கு இல்ல."

பெரியவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கண்ணாடிக் காலில் திருகாணி அப்படியொன்றும் தளர்ந்திருக்கவில்லை என்று இப்போது நினைவு வந்தது. அரைச் சுற்றுக்கூட முடுக்கவில்லை அவள்.

"பேப்பர்ல எதுவும் வந்துச்சா?"

"தினமும் பாக்குறேன். விபத்துன்னு எதுவும் இல்ல. டிப்போவுல யாரும் எதுவும் பேசல. மூணு தடவை இந்தப் பாதையில தனியா வந்து பாத்தேன். அப்பத் தண்ணி நிறைய இருந்துச்சு. தண்ணியை இறக்கிட்டாங்கன்னு நேத்து ஒரு பாசஞ்சர் பேசிக்கிட்டிருந்தார். அப்பத்தான் உனக்குப் போன் பண்ணேன்."

"இப்பத்தான் தண்ணி இல்லையே? நீயே வந்து பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கலாம். அங்க ஒண்ணும் இல்லன்னு என் கண்ணு சொல்லும். ஷூ கட்டிக்கிட்டிருந்த அந்தப் பொண்ணுகூட அங்க இல்லன்னுதான் சொல்லுச்சு." அவன் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். "என் கண்ணு சொல்றதை நான் எப்படிக்கா நம்புறது? நீ வந்து பாரு. நீ இல்லன்னு சொன்னா இல்ல. இருக்குன்னா இருக்கு."

தம்பியைப் பேச வைக்கத் தான் வந்ததாக அல்லவா நினைத்திருந்தாள்? அவன்தான் அவளைப் பார்க்க வைக்க அழைத்து வந்திருக்கிறான்.

"எழுந்திரு," என்றாள் கடைசியில். "எந்த வளைவு, காட்டு."

*

வளைவு வந்தது. எதிர்க்கரையில் ரோடு கால்வாயின் விளிம்புவரை வந்து திரும்பியது. கைப்பிடிச் சுவரில் பத்தடி நீளத்துக்குக் கல் இல்லை. இடைவெளியில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதுவும் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. இடைவெளிக்குக் கீழே சரிவு முழுக்கக் கோரைப்புல், இடுப்பளவு.

"இங்கயே நில்லு. ஓரத்துக்கு வராத."

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லைப் பிடித்துக்கொண்டு தங்கள் பக்கத்துச் சரிவில் பாதிவரை இறங்கினாள். சேறு கணுக்காலை இழுத்தது. எதிர்ச்சரிவு இருபதடி தூரம்கூட இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக லென்ஸில் ஒரு மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. மேலிருந்து ஆரம்பித்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல், கோரைப்புல், ஒரு சாக்கு, ஒரு பாட்டில், மறுபடியும் புல்.

ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டாள். மனசு ஒரு நொடி லேசாகியது. அப்போது காற்று அடித்துக் கோரை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

சேற்றில் பாதி புதைந்து ஒரு சக்கரம். அதை ஒட்டி வளைந்துபோன மட்கார்டு. ஹேண்டில்பார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நீ இல்லன்னு சொன்னா இல்ல. அவன் சொன்னது காதிலேயே நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு வேலையை விடுவான். கண் காரணம் என்பார்கள், பாவம் என்பார்கள். மதகுக் கதவைப் பழுது பார்த்ததும் கால்வாய் பழையபடி நிரம்பிவிடும். அந்தப் பத்து வயதுக் குழந்தைக்கு அப்பா வீட்டிலேயே இருப்பார்.

டாக்டரம்மாவிடம் 'ஆபீஸ்ல' என்று சொன்னது அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

"அக்கா?" மேலிருந்து அவன் குரல் வந்தது. "ஏதாவது தெரியுதா?"

அவள் கோரையைப் பார்த்தபடியே நின்றாள். இந்தச் சைக்கிளை ஓட்டி வந்தவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

"இருக்குடா," என்றாள். "ஒரு சைக்கிள்."

மேலிருந்து அவன் கேட்டான்.

"பச்சையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிறத்தை அவள் சொல்லவே இல்லை. திரும்பிப் பார்த்தாள். சேறு அப்பியிருந்த மட்கார்டின் ஓரத்தில் இளம்பச்சை தெரிந்தது.

மேலே ஏறி வந்தபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது.

"அன்னைக்கு டிப்போவுல வண்டியை விட்டப்ப இடது பக்கத் தகட்டுல பச்சைப் பெயிண்ட் ஒரு கோடு இழுத்திருந்துச்சு," என்றான். "ஈரத்துணி வச்சுத் துடைச்சேன். கிளைக்கு ஏதுக்கா பெயிண்ட்?"

பெரியவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சேற்றுக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

"ஆள்?" என்று அவன் கேட்டான்.

"தெரியல. என் கண்ணுக்குத் தெரியல. புல்லு அடர்த்தியா இருக்கு. கால்வாய் அன்னைக்கு நிரம்பி ஓடிக்கிட்டிருந்துச்சு இல்ல?"

"ஆமா. வேகமா."

இரண்டு பேரும் தண்ணீர் ஓடியிருக்கக்கூடிய திசையைப் பார்த்தார்கள். கால்வாய் நேராகப் போய், மரங்களுக்கு அடியில் இருட்டில் மறைந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். விரல் நின்றது.

"முதல்ல வீட்டுல அவகிட்ட சொல்லிடட்டுமா?"

"முதல்ல போலீஸ். ஒன்பது நாளாச்சுடா."

"நீ பேசுறியா?"

"நீ பேசு. நான் பக்கத்துல இருக்கேன்."

அவனே அழைத்தான். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டான். முதலில் எடுத்தவர் வேறொருவரிடம் கொடுத்தார். சின்னவன் தன் பெயரைச் சொன்னான், பணிமனையைச் சொன்னான், பேருந்தின் நம்பரைச் சொன்னான். வெள்ளிக்கிழமை, ஆறரை மணி, வளைவு, மழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கிளை என்று சொன்னதையும் சொன்னான், துணியால் துடைத்ததையும் சொன்னான். எதையும் விடவில்லை. பெரியவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிர்முனையில் எழுதும் சத்தம். பிறகு அதிகாரி கேட்டார்.

"சைக்கிள் என்ன கலர்னு சொன்னீங்க?"

"பச்சை சார். இளம்பச்சை."

எழுதும் சத்தம் நின்றது.

"முன்னால கூடை இருக்கா? ஒயர்க் கூடை?"

சின்னவன் அக்கா பக்கம் திரும்பினான். அவள் மறுபடியும் இரண்டடி இறங்கி, கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே சேறு நிரம்பிய ஒரு கம்பிச் சதுரம். குப்பை என்று முதலில் அதைத் தாண்டி வந்திருந்தாள்.

"இருக்குன்னு சொல்லு," என்றாள்.

"இருக்கு சார்."

"நீங்க இருக்கற இடத்துலயே இருங்க. எதையும் தொடாதீங்க. வண்டி கிளம்புது." அதிகாரி போனைக் கையால் மூடிக்கொண்டு அங்கே யாரிடமோ பேசினார். சரியாக மூடவில்லை. அவர் சொன்னது இரண்டு பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.

"மகன் சைக்கிளைக் கேட்டுத் தினமும் வர்ற அந்த அம்மா இன்னைக்கும் வந்திருக்காங்களா? போக வேண்டாம், உக்காரச் சொல்லு. அவங்க மகனை எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கு, அதையும் கேட்டு எழுதி வை."

இணைப்பு அறுந்தது.

"அக்கா," என்றான் சின்னவன். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "ஆஸ்பத்திரின்னா… உயிரோட இருக்கானா?"

பெரியவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரையும் கட்டிலில்தான் வைத்திருப்பார்கள் என்று இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. அவனைக் கைபிடித்து ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே அழைத்து வந்து, புல்லில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்க்கரை ரோட்டில் அவன் வழக்கமாக ஓட்டும் பேருந்து இன்னொருவர் கையில் வளைவைத் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு வெகுநேரம் ரோடு காலியாகவே கிடந்தது.